அம்மா கழுவி வைத்த மாத்திரைகள்

பார்வையாளர் நேரம் தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. வார்டு வாசலில் அம்மா நின்றார். ஒரு பிஸ்கட் டின்னைக் குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்திருந்தார். மூடியில் இருந்த ரோஜாப்பூ தேய்ந்து வெறும் சிவப்புக் கறையாகியிருந்தது. டின் திறந்துகொள்ளாதிருக்க அப்பாவின் பழைய சாரோங் கைலியைக் கிழித்து இறுக்கிக் கட்டியிருந்தார்.

"உள்ள விடமாட்டாங்களோன்னு பயந்தேன். என் மக இங்கதான் வேலை செய்யுதுன்னு சொன்னேன். உடனே விட்டுட்டாங்க."

"அம்மா, இது விசிட்டிங் டைம். எல்லாரையும்தான் விடுவாங்க."

"இருக்கட்டும் லா. சொன்னா என்ன, வாய் வலிக்கவா போகுது?"

வெளியே கிள்ளான் மழை. அம்மாவின் சேலை ஓரம் முழங்கால்வரை நனைந்திருந்தது. டின் மட்டும் ஒரு சொட்டு நனையவில்லை.

நான்காம் எண் கட்டிலில் அப்பா. கையில் டிரிப். முந்தைய நாள் காலை, பசியாறிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் காரில் போட்டுக் கொண்டுவந்தபோது அவருடைய ரத்த அழுத்தம் பயப்படும்படி இறங்கியிருந்தது. ஏன் இறங்கியது என்று யாருக்கும் தெரியவில்லை.

"வீட்டுல இருக்கிற மருந்து எல்லாத்தையும் ஒண்ணு விடாம எடுத்துட்டு வாம்மா" என்று போனில் சொல்லியிருந்தேன். அந்த டின்தான் இந்த வாரக் கதை.

முதலில் கொஞ்சம் பெருமை

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். இதை இந்தத் தொடரில் ஐந்தாறு முறை எழுதிவிட்டேன் என்று தோழி ஒருத்தி கேலி செய்கிறாள். இன்னும் ஐந்தாறு முறை எழுதுவேன். அப்பா கேரி தீவில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். அம்மா பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்ததே என்னைச் சேர்க்கப் போன அன்றுதான். நான் மருந்தாளர் ஆனேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அப்பா எங்கள் வரிசை வீடுகள் முழுக்கச் சொல்லிவிட்டார். "என் மக டாக்டருக்கே மருந்து சொல்லிக் குடுக்குது." அப்படியெல்லாம் இல்லை அப்பா என்று நான் மறுக்கவில்லை. கொஞ்சம் உண்மைதானே.

படிக்கும் காலத்தில் தலைநகரின் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சேலைக்கடைக்கு மேலே வாடகை அறையில் இருந்தேன். ஜன்னலுக்கு வெளியே மோனோரயில் போகும். கண்ணாடி அதிரும். கீழே மல்லிகைச்சரமும் வாழையிலைச் சாப்பாட்டு வாசனையும். சனி, ஞாயிறுகளில் அதே தெருவில் ஒரு மருந்துக்கடையில் உதவிக்கு நின்றேன். மனிதர்கள் மருந்தை என்னென்ன செய்வார்கள் என்று நான் கற்றது அங்கேதான்.

ஓர் அங்கிள். இளைப்பு நோய். நெஞ்சுக்குள் இழுக்க வேண்டிய கேப்சூல் கொடுத்திருந்தார்கள். அதை ஒரு சின்னக் கருவிக்குள் போட்டு, துளைத்து, உள்ளே இருக்கும் பொடியை மூச்சோடு இழுக்க வேண்டும். அவர் ஒரு மாதமாகத் தண்ணீர் விட்டு விழுங்கிக்கொண்டிருந்தார். கருவியைப் பேரனிடம் விளையாடக் கொடுத்துவிட்டார்.

"வயித்துக்குப் போனா நெஞ்சுக்குப் போவாதா பாப்பா? ரெண்டும் பக்கத்துலதானே இருக்கு?"

சிரித்தேன். பிறகு அறைக்குப் போய் யோசித்தேன். கேப்சூல் என்றால் விழுங்குவது. அவர் வாழ்நாள் முழுக்க அப்படித்தான். இது அப்படி இல்லை என்று சொல்ல வேண்டியவர் யார்? அன்று யோசித்ததைப் பிறகு மறந்துவிட்டேன் என்பதுதான் வெட்கம்.

இடிக்கக் கூடாதவை

மருத்துவமனையில் வேறு விதம். விழுங்க முடியாதவர்களுக்கு மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் போட்டிருப்பார்கள். சாப்பாடும் அதில்தான், மருந்தும் அதில்தான். மாத்திரையைப் பொடித்து, நீரில் கரைத்து, ஊசிக்குழலால் செலுத்துவார்கள். ஒரு வார்டில் முப்பது பேர், இரண்டு நர்ஸ்கள். சில நேரம் ஒருவருடைய ஐந்து மாத்திரையையும் ஒன்றாகப் பொடித்துவிடுவார்கள்.

மேல்பூச்சு உள்ள மாத்திரை நீரில் பசையாகிவிடும். குழாய் அடைக்கும். அடைத்தால் குழாயை உருவி, புதிதாக மூக்கில் செலுத்த வேண்டும். அப்படி ஒரு பாட்டிக்குச் செய்ததை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தேன். அவர் பேச முடியாதவர். கண் ஓரத்தில் தண்ணீர் மட்டும் வந்தது.

அடுத்த வாரமே ஒரு பட்டியல் தயாரித்தேன். 'இடிக்கக் கூடாத மாத்திரைகள்.' குடலில் மட்டும் கரைய வேண்டியவை, நாள் முழுக்க மெதுவாக மருந்து விடுபவை, நாக்குக்கு அடியில் வைப்பவை. மலாயிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டு, பிளாஸ்டிக் உறை போட்டு, எல்லா வார்டிலும் நர்ஸ் மேசைக்கு மேலே ஒட்டினேன். எங்கள் பிரிவின் தலைவி மிஸ் லிம் லேசில் யாரையும் பாராட்ட மாட்டார். அன்று "குட்" என்றார். அந்த ஒரு சொல்லை ஒரு மாதம் வைத்துச் சாப்பிட்டேன்.

அப்பா படுத்திருந்த வார்டிலும் அந்தப் பட்டியல் இருந்தது. அவர் கட்டிலிலிருந்து தலையைத் திருப்பினாலே தெரியும்.

பதினெட்டு

அப்பாவுக்கு அதற்கு முந்தைய வருஷம் பக்கவாதம் வந்து வலது பக்கம் பலவீனமாகிவிட்டது. விழுங்குவதில் சிரமமில்லை. ஆனால் கழிப்பறைக்குத் தனியாகப் போக முடியாது, டயப்பர்தான். எல்லாம் அம்மா. நான் கிள்ளானில் அறை எடுத்திருந்தேன். வாரக்கடைசியில்தான் தீவுக்குப் போவேன்.

அவருடைய ரத்த அழுத்த மாத்திரை ஒரு நாளைக்கு மூன்று வேளை. அம்மா திணறுகிறாரே என்று கிளினிக் டாக்டரிடம் நானே பேசி, ஒரே வேளை போடும் வகைக்கு மாற்றினேன். மாத்திரையை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"இது புது வகைம்மா. காலையில ஒண்ணு போட்டா நாள் பூரா வேலை செய்யும். கடிக்கக் கூடாது. அவ்வளவுதான்."

அம்மா மாத்திரையை விளக்கு வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தார். "என் மக குடுத்த மருந்து" என்று அப்பாவிடம் காட்டினார். எனக்கு உச்சி குளிர்ந்தது. அன்று பஸ் பிடிக்கும் அவசரம் வேறு.

அது நடந்து பன்னிரண்டாம் நாள் அப்பா சரிந்தார்.

டாக்டர் ஃபைஸ் இளைஞர், என்னைவிட ஒரு வயது கூட இருக்கலாம். அப்பாவைப் பரிசோதித்துவிட்டு என்னைத் தனியாக அழைத்தார். மலாயும் ஆங்கிலமும் கலந்து மெல்லக் கேட்டார்.

"உங்கள் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, இல்லையா? பழைய மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்திருக்கலாமோ? இல்லை, ஒரே நாளில் இரண்டு தடவை?"

நானும் அதைத்தான் நினைத்திருந்தேன். சொல்லத்தான் கூசியது.

அண்ணன் போனில் இன்னும் நேராகப் பேசினார். "அம்மாவால முடியல, பாப்பா. இன்னைக்கு மருந்து, நாளைக்கு என்ன? அப்பாவ ஹோம்ல விட்டுடலாம். கிள்ளான்லயே நல்ல இடம் இருக்கு." நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. "பார்க்கலாம்ணே" என்றேன்.

அம்மாவிடம் இதை யாரும் சொல்லவில்லை. ஆனால் டின்னின் முடிச்சை அவிழ்க்கும்போதே, "எல்லாம் சரியாத்தான் வச்சிருக்கேன்" என்றார். தெரிந்திருக்கிறது.

டின்னுக்குள் ஒரு மருந்துக்கடையே இருந்தது. ஒவ்வொரு வகை மாத்திரைக்கும் ஒரு நிற ரப்பர் வளையம். மஞ்சள் என்றால் காலை. கறுப்பு என்றால் இரவு. சிவப்பு என்றால் சாப்பிட்ட பிறகு. எல்லாம் நான் பள்ளிக்கூடம் போகும்போது தலைமுடிக்குப் போட்ட வளையங்கள். ஒன்றில் என் முடி ஓர் இழை இன்னும் சிக்கியிருந்தது.

பழைய மூன்று வேளை மாத்திரை தனியாக, துணியில் கட்டி, முடிச்சுப் போட்டு அடியில் கிடந்தது. "இது கூடாதுன்னு நீ சொன்னல்ல, அதான் கட்டிப்புட்டேன்" என்றார். எண்ணினேன். நிறுத்திய நாளில் இருந்த அத்தனையும் இருந்தது.

புது மாத்திரை முப்பது கொடுத்திருந்தேன். பன்னிரண்டு நாள். பதினெட்டு இருக்க வேண்டும்.

பதினெட்டு இருந்தது.

மறுபடியும் எண்ணினேன். பதினெட்டுதான். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கணக்கு சரியா?"

"சரிம்மா."

"நான் தப்பா குடுக்கல பாப்பா. அப்பா மேல சத்தியமா ஒரு நாளைக்கு ஒண்ணுதான்."

பக்கத்தில் நின்று பார்த்த டாக்டர் ஃபைஸ் பெருமூச்சு விட்டார். மருந்து இல்லையென்றால் இன்னொரு பக்கவாதமாக இருக்கலாம், இதயமாக இருக்கலாம். தலைக்கு ஸ்கேன் எடுக்க எழுதப் போனார்.

தைல டப்பா

அவர் நகர்ந்ததும் அம்மா இடுப்பிலிருந்து ஒரு சின்னத் தைல டப்பாவை எடுத்தார். கண்ணாடி டப்பா. அதைக் கைக்குள் மூடியபடியே என் பக்கம் நீட்டினார்.

"இத டாக்டருக்குக் காட்ட வேணாம். நீ மட்டும் பாரு."

திறந்தேன். உள்ளே ஏழு மாத்திரைகள். புது மாத்திரை. அதே நிறம், அதே உருண்டை. கொஞ்சம் வெளுத்திருந்தது.

"இது எங்கேருந்து வந்துச்சு? கணக்குச் சரியா இருக்கே!"

அம்மா குரலைத் தாழ்த்தினார். "டயப்பர்ல இருந்துச்சு. அப்பா முழுங்கினது முழுசா அப்படியே வெளிய வந்துடுது. கரையவே இல்ல. மொத நாள் பார்த்தப்ப ஏதோ கொட்டைன்னு நெனச்சேன். அப்புறம் மறுபடியும் வருது." என் முகம் மாறியதைப் பார்த்து அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். "சோப்புப் போட்டுக் கழுவி வெயில்ல காய வச்சிட்டேன் லா. பயப்படாத."

ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தேன்.

அது கூடு. அந்த மாத்திரையின் வெளி ஓடு கரையாது. கரையக் கூடாது. வயிற்றில் இருக்கும் நீர் மெல்ல உள்ளே ஊறும். உள்ளே இருப்பது ஊறி வீங்கும். ஊசிமுனை அளவு ஓட்டை வழியே மருந்து நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். வேலை முடிந்ததும் காலி ஓடு உருக்குலையாமல் மலத்தோடு வந்துவிடும். தேர்வில் படம் போட்டு எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

அம்மாவிடம் சொன்னது: கடிக்கக் கூடாது. அவ்வளவுதான்.

"அப்புறம் என்ன பண்ணின?" என்று கேட்டேன். பதில் ஏறக்குறைய தெரிந்துவிட்டது.

"லெசோங்ல போட்டு இடிச்சேன். சம்பால் இடிக்கிற கல்லுல இல்ல, வேற சின்னது. கல்லு மாதிரி இருந்துச்சு பாப்பா, ஒடையவே மாட்டேங்குது. நல்லாப் பொடி பண்ணி பிசாங் மாஸ் பழத்துல பெசஞ்சு குடுத்தேன். நீ கடிக்கக் கூடாதுன்னுதானே சொன்ன? அவரு கடிக்கல."

"எத்தனை நாள்?"

"ரெண்டு நாளு. மொத நாளு மூஞ்சி செவந்து, தலைவலிக்குதுன்னாரு. ஆகா, இப்பத்தான் மருந்து உள்ள போயி வேலை செய்யுதுன்னு நெனச்சேன். ரெண்டாவது நாளு…"

இரண்டாவது நாள் என்ன நடந்தது என்பது நான்காம் எண் கட்டிலில் கிடந்தது.

ஒரு நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாக இறங்க வேண்டிய மருந்து, ஒரு வாழைப்பழத்தோடு ஒரே மடக்கில் இறங்கியிருக்கிறது.

"ஏம்மா, கரையலன்னு எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்ல?"

அம்மா டின்னின் மூடியைத் தடவிக்கொண்டிருந்தார். ரோஜா இருந்த இடத்தை.

"எப்படிச் சொல்றது? எம்மக நல்ல மருந்துன்னு அவ்வளவு பெருமையா கொண்டாந்து குடுத்துச்சு. அது வேலை செய்யலன்னு சொன்னா உனக்குக் கஷ்டமா இருக்காதா? வேலை எடத்துல யாருக்காச்சும் தெரிஞ்சா உன்னத் தப்பா பேசமாட்டாங்களா? அதான் நானே சரி பண்ணிக்கலாம்னு பார்த்தேன்."

சுவரில் என் பட்டியல் மினுமினுத்தது. மூன்றாவது வரியில் அந்த மாத்திரையின் பெயர் இருந்தது.

ஓட்டை

ஓடிப்போய் டாக்டர் ஃபைஸைப் பிடித்தேன். அம்மா காட்ட வேண்டாம் என்ற டப்பாவை அவர் உள்ளங்கையில் கவிழ்த்தேன். கழுவிய கதையைச் சொன்னதும் கையைச் சட்டென்று இழுத்துக்கொள்ளப் பார்த்தார். பிறகு சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"வெளியே வந்ததைப் பார்த்துக் கரையவில்லை என்று முடிவு செய்திருக்கிறார்" என்றார். "நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்."

ஸ்கேனுக்கு எழுதியதை நிறுத்திவைத்தார். மறுநாள் காலைக்குள் அப்பாவின் ரத்த அழுத்தம் தானாகவே பழைய நிலைக்கு வந்துவிட்டது. கண் திறந்ததும் குழறலாகக் கேட்ட முதல் கேள்வி, "பழம் இருக்கா?" அம்மா முறைத்த முறைப்பில் மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.

அண்ணனுக்குப் போன் செய்தேன். அவர் ஆரம்பிப்பதற்குள் சொன்னேன். "ஹோம் வேணாம்ணே. அம்மா கணக்கு ஒண்ணுகூடத் தப்பல. தப்பு என்னோடது." விவரம் எல்லாம் கேட்டுக்கொண்டார். பிறகு, "சரி, அப்பாவுக்கு என்ன வாங்கிட்டு வரட்டும்?" என்றார். அவரால் முடிந்த மன்னிப்பு அது.

அன்று மதியம் அம்மாவை ஜன்னல் பக்கம் உட்காரவைத்து ஒரு கூட்டைக் காட்டினேன். நான் பூதக்கண்ணாடி தேடுவதற்குள் அம்மா வெளிச்சத்தில் பிடித்து, "இந்தா இருக்கே ஓட்டை" என்றார். கோயிலுக்கு மாலை கட்டும் கண்.

"இது வழியா கொஞ்சங் கொஞ்சமா வருதா? நாள் பூராவா?"

"ஆமாம்மா."

"அப்ப வெளிய வர்றது வெறுங் கூடா?"

"வெறுங் கூடு."

கூட்டை நகத்தால் தட்டிப் பார்த்தார். அம்மாவின் முகத்தில் நான் எதிர்பார்த்தது குற்ற உணர்ச்சி. வந்தது கோபம்.

"இத மொதல்லயே சொல்றதுக்கு என்னடி?"

பஸ் பிடிக்கும் அவசரம் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஒரு படிவம்

மருந்தில் தவறு நேர்ந்தால் எங்கள் பிரிவில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். யாரையும் தண்டிக்க அல்ல, அடுத்தவருக்கு நடக்காமலிருக்க. மிஸ் லிம் அப்படித்தான் சொல்வார். ஆனாலும் அந்தத் தாளை யாரும் விரும்பி எடுப்பதில்லை.

அப்பா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தே எழுதினேன். அம்மா எட்டிப் பார்த்தார்.

"என்ன எழுதுற?"

"நடந்தத."

"என் பேரப் போட்டியா?"

"இல்ல. மருந்து குடுத்தப்ப சரியா வெளக்கலன்னு என் பேரப் போட்டிருக்கேன்."

அம்மா பேனாவைப் பிடித்துக்கொண்டார். நிஜமாகவே பிடித்துக்கொண்டார்.

"பைத்தியமா உனக்கு? அத அடிச்சிட்டு என் பேர எழுது. எனக்கென்ன வேலையா போயிடப் போகுது? உன் பேரு கெடலாமா?"

"எழுதியாச்சும்மா. விடு."

"எங்க, காட்டு." விரலால் தேடினார். காட்டினேன். என் முழுப்பெயர். இந்நாட்டு வழக்கப்படி, இன்னாரின் மகள் என்று அப்பாவின் பெயரோடு.

"இது உங்கப்பா பேரா?"

"ஆமா."

"அவரு பேரு எல்லாத்துலயும் வந்துடுது" என்றார் அம்மா. பழம் கேட்டதற்கான கோபம் இன்னும் இருந்தது போல.

படிவத்தின் அடியில் ஒரு கட்டம் உண்டு. தவறைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்கும். வழக்கமாக மருந்தாளர் என்றோ டாக்டர் என்றோ போடுவோம். ஏழு கூடுகளைத் தேடி எடுத்து, கழுவி, காயவைத்து, மழையில் இடுப்பில் செருகிக்கொண்டு வந்தவர் யார்? அந்தக் கட்டத்தில் அம்மாவின் பெயரை எழுதினேன்.

மறுநாள் மிஸ் லிம் கண்ணாடியை மூக்குக்கு இறக்கிப் படித்தார். "யார் இவர்? எந்த வார்டு ஸ்டாஃப்?"

"ஸ்டாஃப் இல்லை, மிஸ் லிம்."

விவரம் சொன்னேன். தைல டப்பாவை மேசைமேல் வைத்தேன். உடனே குப்பையில் போடச் சொன்னார். போட்டேன். பிறகு புது மாத்திரைகள் சிலவற்றைத் தண்ணீரில் ஊறவைத்துக் கூடெடுத்து, மூடி போட்ட சின்னக் குப்பியில் கவுண்டரில் வைத்துக்கொள்ள அவரே அனுமதி கொடுத்தார். இன்றும் அந்த மாத்திரை வாங்க வருகிற ஒவ்வோர் ஆன்டிக்கும் அங்கிளுக்கும் அதை ஆட்டிக் காட்டித்தான் அனுப்புகிறேன். "இது வெளிய வரும். பயப்படாதீங்க. வெறுங் கூடு. இடிச்சிடாதீங்க."

அம்மாவிடம் படிவத்தின் நகலைக் காட்டிய நாளில், அப்பா வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

"இங்க பாரு. கண்டுபிடிச்சவங்கன்னு கேட்ட எடத்துல உன் பேரு."

தாளை வாங்கி, மாத்திரையைப் பார்த்தது போலவே விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நீண்ட நேரம்.

"எழுத்து ரொம்பச் சின்னதா இருக்கே பாப்பா" என்றார். "கொஞ்சம் பெரிசா எழுதியிருக்கக் கூடாதா?"

பிறகு நான்காக மடித்து, பிஸ்கட் டின்னைத் திறந்து, மஞ்சள் வளையம் போட்ட மாத்திரைகளுக்கு மேலே வைத்து மூடினார்.